ஆணையரின் கையெழுத்து

கழிவுநீர் உந்து நிலையம் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு தொழிற்சாலை. எவையெல்லாம் உற்பத்தி வேலை என்று வரையறுத்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், எண்ணெய், தண்ணீர் இறைப்பதோடு கழிவுநீர் இறைப்பதையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டது. ஆகவே மின்விசையில் இயங்கி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் உந்து நிலையத்தின் கிணற்றுக்குள் ஒருவர் இறங்க வேண்டுமென்றால் 2025 நவம்பர் வரை அச்சட்டத்தின் 36-ஆம் பிரிவு குறுக்கே வந்து நின்றது. நச்சுக்காற்று தேங்கியிருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் எதற்குள்ளும் ஆளை இறக்குமுன் தகுதியுள்ள ஒருவர் சோதித்து, ஆபத்தில்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்தது. அப்படிச் சான்று இல்லையென்றால், இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்திருக்க வேண்டும்; அவர் இடைவாரில் பிணைத்த கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில் இருக்க வேண்டும் என்றது அப்பிரிவு.

அந்த நிலையத்தின் மதிலைத் தாண்டித் தெருவுக்கு வந்தால் அதே குழாயின் மேல் ஒரு மேன்ஹோல். ஓடுவது அதே கழிவுநீர், தேங்குவது அதே வாயு. ஆனால் தெரு தொழிற்சாலை ஆகாது. 36-ஆம் பிரிவு மதிலோடு நின்றுவிட்டது. தெருவில் இறங்குபவருக்கு இதற்கு இணையான விதிகள் நாடு முழுமைக்குமாக ஒரு நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டது 2013-இல். இடைப்பட்ட 65 ஆண்டுகளும் மதிலுக்கு உள்ளே ஒரு உயிர், வெளியே வேறு ஒரு உயிர் என்றுதான் கழிந்தன. இதைத் தற்செயலான மறதி என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. 1948-இல் சட்டம் எழுதியவர்கள் மனத்தில் முதலாளி என்றால் ஆலை முதலாளி. லாபத்துக்காக ஆளை வருத்துபவனிடமிருந்துதான் தொழிலாளியைக் காக்க வேண்டும் என்று நினைத்தார்கள். நகராட்சி ஊருக்குச் சேவை செய்யும் அமைப்பு. அதுவும் ஆளை வருத்தும், அதையும் ஆய்வாளர் ஒருவர் வந்து கண்காணிக்க வேண்டும் என்ற எண்ணம் எழவில்லை.

நீதிமன்றங்களுக்கு அந்த எண்ணம் முன்னதாகவே வந்தது. 1950-களின் தொடக்கத்தில் வங்காளத்தின் பட்ஜ் பட்ஜ் நகராட்சி ஊழியர்கள் இருவரின் வேலைநீக்கம் தொடர்பான வழக்கில், நகராட்சிக்கும் ஊழியருக்கும் இடையிலான பூசல் தொழில்தகராறுதான் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1960-இல் நாக்பூர் மாநகராட்சி வழக்கில் துறை துறையாகப் பிரித்துப் பார்த்து, கழிவுநீர், சுகாதாரம் உள்ளிட்ட பெரும்பாலான துறைகளைத் தொழில் என்றே வகைப்படுத்தியது. 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த எல்லையை இன்னும் அகலமாக்கியது. ஆனால் இவையெல்லாம் தொழில்தகராறு சட்டத்தின் வழியே வந்தவை. அந்தச் சட்டம் வேலைநீக்கத்தை விசாரித்தது, சம்பளப் பூசலைத் தீர்த்தது. குழிக்குள் எவ்வளவு வாயு என்று அளக்கச் சொல்லவில்லை. வேலை போனால் வழக்குப் போடலாம் என்ற உரிமை துப்புரவுத் தொழிலாளிக்கு வந்து சேர்ந்த பிறகும், உயிர் போகாமல் காக்கும் விதிக்கு அவர் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்ற செய்தித் தலைப்பை நாம் படித்துப் படித்து மரத்துப்போயிருக்கிறோம். அந்த விஷவாயு பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. காற்றைவிடக் கனமானது, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மிகச் சிறிய அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பதால் மூக்கு எச்சரித்துவிடும் என்று நம்பத் தோன்றும். அந்த நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு என்ற அளவை எட்டும்போது அது மோப்ப உணர்வையே முடக்கிவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் கணம் ஆபத்து முற்றியிருக்கும் கணமாக இருக்கலாம். அளவு ஆயிரத்தை நெருங்கினால் சில மூச்சுகளிலேயே நினைவு தப்பும். தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டுப் பார்ப்பது, மூடியைத் திறந்து சற்று நேரம் ஆறவிடுவது என்று களத்தில் பழகிவந்த சோதனைகள் எதுவும் இந்த வாயுவை அளக்காது. மீத்தேன் கலந்திருந்தால் தீக்குச்சியே வெடிவைக்கும். குழியைக் கிளறும்போது சேற்றுக்குள் அடைபட்டிருந்த வாயு குபீரெனக் கிளம்புவதால், இறங்குமுன் ஒருமுறை அளந்தாலும் போதாது. உள்ளே ஆள் இருக்கும் நேரம் முழுக்க அளவி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தத் தலைப்பில் 'ஒருவர்' என்று இல்லாமல் 'இருவர்', 'மூவர்' என்று வருவதற்கும் காரணம் உண்டு. முதலில் விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதிக்கிறார். அவர் தம்பியாகவோ மைத்துனராகவோ இருப்பார். அடைபட்ட இடங்களில் நேரும் சாவுகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-இலேயே எச்சரித்தது. 36-ஆம் பிரிவு கயிற்றின் மறுமுனையை வெளியே பிடிக்கச் சொன்னதன் அறிவு இதுதான்: மீட்பு மேலிருந்து நடக்க வேண்டும், யாரும் பின்னால் இறங்கக் கூடாது. ஒரு கயிறும் ஓர் ஆளும் போதுமாக இருந்த காப்பு இது. விலை உயர்ந்த எந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவை எந்த நகராட்சிக்கும் இருந்ததில்லை.

2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. உலர் கழிப்பிடங்களை மட்டும் குறிவைத்த 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட இது ஒரு பெரிய அடி முன்னே வைத்தது: பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் உள்ளே கொண்டுவந்தது. எந்த உள்ளாட்சியும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒருவரை அபாயகரமான துப்புரவுக்கு அமர்த்தக் கூடாது என்கிறது 7-ஆம் பிரிவு. மீறினால் முதல்முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் மீறினால் 5 ஆண்டு, 5 லட்சம். இதன் கீழ் வந்த விதிகள், குழிக்குள் மனிதர் இறங்கத் தகுந்த சூழல்களை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குச் சுருக்கின: எந்திரம் நுழைய முடியாத இடத்தில் மூடியை அகற்றுவது, புதுக் குழாயைப் பழைய பெருங்குழாயோடு இணைப்பது, கிணற்றின் அடியில் இருக்கும் மோட்டாரை எடுப்பது, மேன்ஹோலைத் திரும்பக் கட்டுவது போன்றவை. அப்போதும் மூவர் உடனிருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் மேற்பார்வையாளர். காற்றைச் சோதிக்க வேண்டும். குறைந்தது 10 லட்ச ரூபாய்க்குக் காப்பீடு இருக்க வேண்டும்.

இந்த விதிகளில் நான் மிக முக்கியமென்று கருதுவது வேறொரு வரி. மேற்சொன்ன சூழல்களுக்கு வெளியே, தவிர்க்கவே முடியாமல் ஓர் ஆளை இறக்க நேர்ந்தால், உள்ளாட்சியின் தலைமை நிர்வாகி அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதி தர வேண்டும். மாநகராட்சியானால் ஆணையர். அடைப்பு எடுக்கச் சொல்லி மேஸ்திரி போனில் பேசினார், சூப்பர்வைசர் வாய்மொழியாகச் சொன்னார் என்று கீழே கீழே நழுவிப்போகும் பொறுப்பை இந்த வரி மேலே இழுத்து ஒரு கையெழுத்தில் கட்டிவைக்கிறது. சரியாகச் செயல்பட்டால் அத்தகைய ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு கோப்பு இருக்கும். அச்சூழல்களுக்கு வெளியே கோப்பு இல்லாத இறக்கம் ஒவ்வொன்றும் அந்த நிமிடமே குற்றம். ஆள் சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நடப்பதோ தலைகீழ். சாவு நிகழ்ந்த பிறகுதான் சட்டம் விழிக்கிறது. நீதிமன்ற உத்தரவுகளில் தொகை ஏறிவந்த வரலாறே இதைச் சொல்லும். 2011-இல் டெல்லி குடிநீர் வாரிய வழக்கில் 5 லட்சம். 2014 மார்ச் 27 அன்று, சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில், 1993 முதல் குழியில் இறந்த அனைவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம். 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் 30 லட்சம். நிரந்தரமாக முடமானால் 20 லட்சம். கணவனை இழந்த பெண்ணுக்கு இந்தப் பணம் எத்தனை பெரிய ஊன்றுகோல் என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்னும் அதிகமாகவே தரலாம். ஆனால் இழப்பீடு உள்ளாட்சியின் பொதுக் கணக்கிலிருந்து போகிறது, அதாவது நம் வரியிலிருந்து. அனுமதியின்றி ஆளை இறக்கிய அதிகாரியின் பதவி உயர்வு அதனால் நிற்பதில்லை. சிறைத்தண்டனை வரை எட்டிய வழக்குகள் மிக அரிது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்குவதை நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டிவந்தது என்பதே 2013-ஆம் ஆண்டுத் தடை என்ன ஆனது என்பதற்குச் சான்று. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சாவுப் பட்டியல்களில் தமிழ்நாடு பலமுறை முதல் இடத்தில் இருந்திருக்கிறது. இங்கே பதிவு செய்யும் வழக்கம் கூடுதல் என்பது ஓரளவு காரணமாகலாம். அதைச் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ள என்னால் இயலாது.

அரசே முதலாளியாக இருக்கும்போது பாதுகாப்புச் சட்டத்திலிருந்து தன்னை விலக்கிக்கொள்ளும் வழக்கம் இந்தியாவுக்கு மட்டும் உரியதில்லை. 1968 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கடும் மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் பின்பகுதியில் ஒதுங்கினார்கள். குப்பையை நசுக்கும் எந்திரம் தானே இயங்கி இருவரையும் நசுக்கிவிட்டது. அவர்கள் மாநகராட்சியின் மணிக்கூலிக்காரர்கள். பதினொரு நாள் கழித்துச் சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவர்களுக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இத்தனையும் நடந்து மூன்று ஆண்டு முடியுமுன், 1970 டிசம்பர் 29 அன்று, தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதாரச் சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். ஆனால் 'வேலையளிப்பவர்' யார் என்று வரையறுக்கும் இடத்தில் மாநில அரசுகளையும் அவற்றின் உட்பிரிவுகளையும், அதாவது நகராட்சிகளையும் மாவட்ட நிர்வாகங்களையும், அது வெளியே விட்டது. மாநில உரிமையில் ஒன்றிய அரசு தலையிடலாகாது என்பது காரணம். ஒரு மாநிலம் தானே பாதுகாப்புத் திட்டம் வகுத்து ஒன்றிய அரசின் ஒப்புதல் பெற்றால், அதில் தன் பொது ஊழியர்களையும் சேர்த்தாக வேண்டும் என்ற வழி மட்டும் திறந்திருந்தது. மெம்ஃபிஸ் இருக்கும் டென்னசி அந்த வழியில் போனது. நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட், இல்லினாய் போன்றவை பொது ஊழியருக்கென்றே தனித் திட்டம் வகுத்தன. டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் அப்படி ஒப்புதல் பெற்ற திட்டம் எதுவும் இல்லை.

அதன் விலை 2006 ஜனவரி 11 அன்று ஃபுளோரிடாவின் டேடோனா பீச் நகரில் தெரிந்தது. மாநகராட்சிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், புயலில் சேதமான தகரக் கூரையை ஊழியர்கள் தீவெட்டுக் கருவியால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நேர் கீழே மெத்தனால் தொட்டி. ஆவியில் பொறி பற்றியது. தீ உள்ளே பாயாமல் தடுக்க வேண்டிய சாதனம் அரித்துப்போயிருந்தது. தொட்டி வெடித்து இருவர் இறந்தனர், ஒருவர் படுகாயமுற்றார். விசாரித்த அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம் தொழில்நுட்பக் காரணங்களோடு நிற்கவில்லை. இதே வேலையைத் தனியார் ஆலையில் செய்திருந்தால் தீவேலைக்கு முன் அபாயத்தை ஆராயும்படி சட்டம் கட்டாயப்படுத்தியிருக்கும். மாநகராட்சி ஊழியர் என்பதால் அந்தக் கட்டாயம் எதுவும் அவர்களைக் காக்கவில்லை என்று சுட்டிக்காட்டி, சட்டம் இயற்றும்படி ஃபுளோரிடாவுக்குப் பரிந்துரைத்தது. மாசசூசெட்ஸ் தன் உள்ளாட்சி ஊழியர்களை ஒன்றியப் பாதுகாப்புத் தரத்துக்குள் முழுமையாகக் கொண்டுவந்ததே 2019-இல்தான். பணமும் தொழில்நுட்பமும் நிறைந்த நாட்டிலும், உள்ளாட்சியை வேலையளிப்பவர் என்று சட்டத்தில் எழுதாத இடங்களில் இதுதான் நடந்தது.

இந்தியாவில் அந்தச் சொல் இப்போது எழுதப்பட்டுவிட்டது. 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், உள்ளாட்சி நடத்தும் நிறுவனத்துக்கு வேலையளிப்பவர் அதன் தலைமை நிர்வாகி என்று தெளிவாகச் சொல்கிறது. பணியிடத்தை அபாயமின்றி வைத்திருப்பது, பணிநியமனக் கடிதம் தருவது, அரசு குறிப்பிடும் வயதினருக்கும் வகையினருக்கும் ஆண்டுதோறும் செலவின்றி மருத்துவப் பரிசோதனை செய்வது ஆகியவை அவர் கடமை. தொகுப்புச் சட்டங்களைத் தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. தொழிற்சாலை என்று கருதப்பட வேண்டிய ஆள் எண்ணிக்கையை மின்விசை உள்ள இடத்தில் பத்திலிருந்து இருபதாக உயர்த்தியது அவற்றில் ஒன்று. நம் முதல் பத்தியில் வந்த சிறிய உந்து நிலையங்கள் பலவற்றை அந்த ஒரு மாற்றம் தொழிற்சாலைக் கணக்கிலிருந்து வெளியே தள்ளக்கூடும். ஆனாலும் ஆணையரை வேலையளிப்பவர் என்று சொல்லும் வரியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

அதே சட்டத்தில் ஒரு பொத்தலும் இருக்கிறது. நிறுவனத்தின் மையப் பணிக்கு ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தக் கூடாது என்கிறது 57-ஆம் பிரிவு. எது மையப் பணி? பெருக்குதல், துடைத்தல், எல்லா வகைக் கழிவையும் சேகரித்து அகற்றுதல் ஆகியவை மையப் பணி ஆகா, அந்த நிறுவனம் அந்த வேலைக்கென்றே அமைக்கப்பட்டிருந்தாலன்றி. துணி ஆலைக்கு இது பொருந்தும். மாநகராட்சிக்கு? 1688-இல் தோன்றிய சென்னை மாநகராட்சி, நகரைத் துப்புரவாக வைத்திருப்பதற்கு இல்லையென்றால் வேறு எதற்கு அமைக்கப்பட்டது? உள்ளாட்சியின் மையப் பணி துப்புரவுதான் என்று ஒரு நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டால் நாட்டின் பாதி நகராட்சி ஒப்பந்தங்கள் கேள்விக்குள்ளாகும். வழக்கமாகவே ஒப்பந்ததாரர் வழியாக நடந்துவரும் வேலை என்றால் விலக்கு உண்டு என்று அதே பிரிவு வைத்திருக்கும் இன்னொரு கதவையும் அப்போது அடைக்க வேண்டியிருக்கும்.

பாதுகாப்புக்கும் ஒப்பந்தத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 2022, 2023 ஆண்டுகளில் குழிச் சாவுகளில் 54-ஐ எடுத்துக்கொண்டு மத்திய சமூகநீதி அமைச்சகம் நடத்தச் செய்த சமூகத் தணிக்கை 2025-இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 49 பேர் உடலில் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லை. அரசுச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் ஐந்தே பேர். பெரும்பாலானோர் தனிப்பட்ட முறையில் கூலிக்கு அழைக்கப்பட்டவர்கள். வீட்டு செப்டிக் டேங்குகள் இதில் நிறைய. ஐந்து என்ற எண்ணைக் கண்டு அரசுப் பணி பத்திரமாகிவிட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆபத்து சம்பளப் பட்டியலை விட்டு வெளியேறியிருக்கிறது. பட்டியலில் இல்லாதவருக்குப் பயிற்சி இல்லை, வாயு அளவி இல்லை, அவர் பெயரைத் தாங்கிய கோப்பும் இல்லை. 2025 ஆகஸ்டில் சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கள் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். அதைச் சம்பளப் போராட்டமாக மட்டும் பார்த்தவர்கள் ஒன்றைத் தவறவிட்டார்கள்: தங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டிய முதலாளி யார் என்ற கேள்வியும் அந்த நடைபாதையில் உட்கார்ந்திருந்தது.

குழியில் நேரும் சாவு செய்தியாகிறது. தெருவைப் பெருக்குபவரின் நோய் எங்கும் பதிவாவதில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீர் காலின் வெடிப்பு வழியாக ஏறினால் லெப்டோஸ்பைரோசிஸ். மஞ்சள்காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் வரை போகும். குப்பையில் யாரோ பிரித்துப் போடாத இன்சுலின் ஊசி, கண்ணாடித் துண்டு. விடியற்காலை இருட்டில் சாலையோரம் குனிந்து பெருக்குபவர் மேல் ஏறும் வாகனம். புழுதியால் வரும் மூச்சிரைப்பு, சித்திரை வெயில், கழிப்பறைக்கு வழியில்லாமல் நாள் முழுக்க அடக்குவதால் பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்று. கையுறை, முகக்கவசம், ஒளிரும் மேற்சட்டை, மழைக்கோட்டு, ஏற்ற காலணி ஆகியவற்றைக் கழிவு கையாளும் ஒவ்வொருவருக்கும் கிடைக்கச் செய்வது உள்ளாட்சியின் கடமை என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. ஒரே அளவில் மொத்தமாக வாங்கிய ஆண்கள் கையுறையைப் பெண்கள் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்த்தால், கொடுத்தும் போடவில்லை என்று எழுதிவிடலாம். பொருந்தாத கையுறையால் துடைப்பத்தைப் பிடிக்க முடியாது என்பதை எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை.

தொழிலால் வந்த நோய்க்கு இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தொற்று ஏற்படும் தனி அபாயம் உள்ள வேலைகளில் பிடித்த தொற்றுநோய்களைத் தொழில்சார் நோய் என்றே ஏற்றிருந்தது. ஆனால் வேலைக்கு முன் உடல்நிலை எப்படி இருந்தது என்று காட்ட ஓர் ஏடு வேண்டும். நோயைப் பார்க்கும் மருத்துவர் 'என்ன வேலை செய்கிறாய் அம்மா?' என்று கேட்டு அதைச் சீட்டில் எழுத வேண்டும். இரண்டும் இல்லாமல் காய்ச்சல் வெறும் காய்ச்சலாகவே முடிந்துபோகிறது. ரிப்பன் மாளிகைப் போராட்டம் கலைக்கப்பட்ட மறுநாள், 2025 ஆகஸ்ட் 14 அன்று, தூய்மைப் பணியாளர்களின் தொழில்சார் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை அளிக்கத் தனித் திட்டம் உண்டு என்று தமிழ்நாடு அமைச்சரவை அறிவித்தது. நல்ல தொடக்கம். அது மருத்துவ முகாமாகச் சுருங்கிவிடாமல் இருக்க, ஒவ்வொரு பணியாளருக்கும் பணியில் சேரும் நாளிலிருந்து உடல்நல ஏடு வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும் அந்த ஏடு மாநகராட்சியிடமே இருக்க வேண்டும். நோய்க் கணக்கு ஆண்டுதோறும் மன்றக் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும்.

ஊரில் உள்ள எவரும் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. பத்து ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தங்கள் நகராட்சியிடமோ, சென்னையானால் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கழிவுநீரைக் கையாளும் குடிநீர் வாரியத்திடமோ மூன்று கேள்விகள் கேட்கலாம். சென்ற ஆண்டு பாதாளச் சாக்கடை அடைப்புப் புகார்கள் எத்தனை? அவற்றில் எந்திரத்தால் சரிசெய்தவை எத்தனை, எந்தெந்த எந்திரத்தால்? 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆள் இறங்கத் தலைமை நிர்வாகி காரணம் பதிந்து கையெழுத்திட்ட அனுமதிகள் எத்தனை, அவற்றின் நகல் தர முடியுமா? முதல் இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்து, மூன்றாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால், அந்த அடைப்புகளை யார் எடுத்தார்கள் என்று நான்காவதாக ஒரு மனு எழுத வேண்டியிருக்கும்.